ஸ்பிரிங்வெளிச் சுரங்கத்தில் கெட்டுப்போன கல்

செவ்வாய், காலை பத்து மணி.

"சேர், கல்லுல ஏதோ ஒட்டியிருக்கு."

ஆய்வுக்கூட உதவியாளர் ஜெயந்தினி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பேராசிரியர் கிருஷ்ணராஜ் டோர்ச் விளக்கைச் சரித்துப் பிடித்துக் குனிந்தார். எலுமிச்சம்பழ அளவில் ஒரு படிகம். மூன்று மாதம் செப்புப் பெட்டிக்குள், அதற்குக் கீழே குளிர் என்பதே கிடையாது என்கிற அளவு குளிரில் கிடந்துவிட்டு அன்றுதான் வெளியே வந்திருந்தது. அதன் ஒரு பக்கத்தில் மங்கலாக ஒரு வெளுத்த கீற்று. ஊதினால் போய்விடும் போலிருந்தது. ஊதிப் பார்க்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

பக்கத்தில் நின்ற காமில் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் பிற்பாடு அவனுக்கு எதிரான முதல் சாட்சி ஆயிற்று.

கொலை என்றால் ஆள் விழ வேண்டும், இரத்தம் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இங்கே செத்தது ஒரு கல். சிரிக்க வேண்டாம். அந்தக் கல்லுக்காக ஒரு மனிதர் வருடக்கணக்கில் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறார்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு மேலே, தேயிலை ஃபெக்டரிச் சக்கரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வெள்ளைக்காரன் வெட்டிய சுரங்கம் ஒன்று உண்டு. ஃபெக்டரி மூடிய பிறகு அதில் வெளவால்தான் குடியிருந்தது. கிருஷ்ணராஜ் வெளவாலை விரட்டிவிட்டு ஆய்வுக்கூடம் வைத்தார். வானத்திலிருந்து ஓயாமல் விழும் கண்ணுக்குத் தெரியாத துகள்களைத் தலைக்கு மேலிருக்கும் மலை தடுத்துவிடும். மலையையும் ஊடுருவி ஏதாவது ஒன்று வந்து படிகத்தில் மோதினால் படிகம் ஒரு முறை மினுக்கும். மனிதக் கண்ணுக்கு எட்டாத மினுக்கம். அதைப் பார்க்க எதிரே ஜெர்மானியத்தில் மெல்லிய வட்டு ஒன்று. குளிர் கூடக் கூட இரண்டுக்கும் புத்தி கூர்மையாகும். படிகத்தைக் கல் என்றும் வட்டைக் கண் என்றும் அங்கே சொல்வார்கள். உலகத்தில் எவரும் இதுவரை பார்க்காத ஒரு மினுக்கத்துக்காகக் கண் கல்லைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் வேலை.

அந்த வேலைக்குச் சுத்தம் வேண்டும். சாதாரணச் சுத்தம் போதாது. பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறது. உரத்தில் உண்டு, வாழைப்பழத்தில் உண்டு, மண்ணில் முளைக்கிற எல்லாவற்றிலும் உண்டு, உங்கள் வியர்வையிலும் உண்டு. அதில் ஒரு துளிப் பங்கு கதிரை உமிழும். ஆளை ஒன்றும் செய்யாது. கல்லில் ஒட்டினால் கல் ஓயாமல் மினுக்கத் தொடங்கிவிடும். மூன்று மாதமும் கண் பார்த்தது அந்தப் பொய் மினுக்கத்தைத்தான். மினுக்கத்தின் பருமனை வைத்துக் கம்ப்யூட்டர் பெயரைச் சொல்லிவிட்டது. பொட்டாசியம்.

யாரோ கல்லுக்கு நஞ்சு வைத்திருக்கிறார்கள். கிருஷ்ணராஜ் மத்தியானமே பொலிஸுக்குப் போனார்.

செவ்வாய், பின்னேரம்.

இன்ஸ்பெக்டர் கந்தப்பன் பசறையில் பிறந்தவர். சீனி வியாதி வந்ததிலிருந்து சீனி போடாத பிளேன்டீயையும், வியாதியைக் கண்டுபிடித்த டாக்டரையும் ஒரே வாயால் திட்டிக்கொண்டிருப்பவர். சுரங்க வாசலில் ஜெயந்தினி அவரை மறித்தாள்.

"தொப்பியக் கழட்டிட்டு மொகம் கை கழுவணும் சேர்."

"ஏன் தங்கச்சி, பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்?"

"எல்லாருக்கும் அதுதான் சேர். பவுடர், சென்ட், தலைக்கு வெச்ச எண்ணெ, சந்தனம், திருநீறு, சாப்பிட்ட கை, ஒண்ணும் உள்ள வரக்கூடாது. நான் ஸ்டிக்கர் பொட்டக் கூடக் கழட்டி வெச்சிட்டுத்தான் போவேன்."

கந்தப்பன் தொப்பியைக் கழற்றினார். காலையில் பூசிய மூன்று பட்டை அதன் உள்விளிம்பிலும் அச்சாகப் பதிந்திருந்தது. வாசல் டேப்பில் முகத்தைக் கழுவிக்கொண்டார். முருகன் கொடுத்தது ஸ்பிரிங்வெளி ஓடையோடு போயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே நடந்தார்.

கிருஷ்ணராஜ் காத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். இதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஜெர்மனி வரை போய்ப் படித்துவிட்டு இதே மலைக்குத் திரும்பி வந்தவர். கோயில் வாசலை மிதித்து எத்தனையோ காலம் என்று ஊரே சொல்லும். வெறும் நெற்றி.

"யார் மேல சந்தேகம் சேர்?"

"காமில்."

"சந்தேகமா, முடிவே கட்டியாச்சா?"

கிருஷ்ணராஜ் வலது கையின் மூன்று விரலால் நெற்றியை ஒரு முறை தடவிக்கொண்டார். யோசனை வந்தால் அப்படித்தான் செய்வார்.

"பெட்டிய மூடின அன்னைக்கி எங்கிட்டக் கத்தினான். 'இன்னைக்கி மூடினா கல்லு நாசமாப் போயிரும்'னு சொன்னான். வெளியில நின்ன ஜெயந்தினி கேட்டிருக்கா. அவங்க வாப்பா மொஹிதீன் பதுளை டவுன்ல உரக்கடை வெச்சிருக்காரு. பொட்டாஷ் மூட்டை மூட்டையாக் கெடக்கு. கம்ப்யூட்டர் சொன்னதும் பொட்டாசியம். இன்னும் என்ன வேணும்?"

"ஏன் செய்யணும்?"

"இத்தாலியில மலைக்குள்ள ஒரு பெரிய லாப் இருக்கு. இதே வேலைதான். அங்க அவனுக்கு எடம் கெடைச்சிருக்கு. நம்ம கல்லு முந்திக்கிட்டா அங்க போயி அவன் என்ன பேரு எடுக்கப் போறான்?"

"அந்த எடத்துக்கு யாரு சிபாரிசு?"

கிருஷ்ணராஜ் தாமதித்தார். "நான்தான்."

"மூடின அன்னைக்கி உள்ள யார் யாரு?"

"நாங்க மூணு பேருதான். கல்ல வெக்கிறது காமில். அவன் கை நடுங்காது."

"கடைசியாத் தொட்டது?"

"கடைசித் துடைப்பு எப்பவும் என்னோடது. அத யாருக்கும் குடுக்கிறதில்ல." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "நான் தொடுறப்ப சுத்தமாத்தான் இருந்திச்சி. அதுக்குப் பொறகு அவன்தான் கையில எடுத்து உள்ள வெச்சான்."

காமில் வெளியே, சாரல் விழும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். விஞ்ஞானப் பட்டதாரி. கிருஷ்ணராஜிடம் ஆய்வு உதவியாளனாகச் சேர்ந்து நாலு வருடம். இத்தாலிக்காரர்கள் கேட்ட எல்லாவற்றையும் அனுப்பிவிட்டான். பொலிஸ் ரிப்போர்ட் மட்டும் பாக்கி. இந்த ஆள்மேல் எந்த முறைப்பாடும் இல்லை என்று பொலிஸ் கொடுக்கும் தாள் அது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் இல்லை. முறைப்பாடு நிலுவையில் இருக்கிறவனுக்கு அந்தத் தாளை யார் கொடுப்பார்கள்? அவனுக்கும் தெரியும், கந்தப்பனுக்கும் தெரியும்.

"கத்தினியா தம்பி?"

"கத்தினேன் சேர்."

"எதுக்கு?"

"அண்டைக்கு டேப்புல தண்ணி வரல்ல. மழைக்கு மண் சரிஞ்சி மேல பைப் உடைஞ்சிருந்திச்சி. கழுவாம மூட வேணாம், ஒரு நாள் பொறுப்போம்னு சொன்னேன். குளிராக்கிற திரவ ஹீலியம் கொழும்புலருந்து வந்து நிக்கிது, பொறுத்தா ஆவியாப் போயிரும்னு சேர் கேக்கல்ல. அதுலதான் சத்தம் வந்திச்சி."

"அப்ப யாருமே கழுவல்ல?"

"தொழுகைக்கு ஒளு எடுக்க ஒரு போத்தல் தண்ணி வெச்சிரிந்தேன். அதுல நானும் ஜெயந்தினியும் கழுவினோம்."

"சேரு?"

காமில் எதிர்மலையைப் பார்த்தான். "அவர் வீட்டுல குளிச்சிட்டுத்தானே வந்திருப்பார்."

"உள்ள வேற ஏதும் பார்த்தியா?"

"இல்ல சேர்."

பொய். வாய் பழகாத பொய். எத்தனையோ கள்ளன்களின் வாயிலிருந்து பழகிய பொய்களைக் கேட்ட கந்தப்பனுக்கு இது ஒரு நொடியில் பிடிபட்டது. ஆனால் தனக்கே பாதகமாக ஒருவன் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அதுதான் அவருக்குப் புரியவில்லை.

புதன், காலை.

மொஹிதீனின் கடை பஸ் ஸ்டாண்ட் பக்கம். உர மூட்டைகளுக்கு நடுவில் புத்தம் புதிய நீலச் சூட்கேஸ் ஒன்று பொலித்தீன் உறை கழற்றாமல் நின்றது.

"மகனுக்கு வாங்கினது சேர். பெரிய சைஸ்," என்றார் மொஹிதீன். "அங்க குளிராம். ஸ்வெட்டருக்கே எடம் பத்தாதுன்னு உம்மா வேற சொல்லிட்டா." சொல்லிவிட்டுத் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். "எங்கட புள்ள அப்புடிச் செஞ்சிரிக்க மாட்டான் சேர். இந்தக் கடையிலருந்து லாபுக்குப் போற நாள்ல கூட வீட்டுக்கு வந்து குளிச்சிட்டுத்தான் போவான். உரத் தூசி ஒட்டப்படாதாம். நான் அவன எத்தின தரம் நக்கலடிச்சிரிப்பேன்."

"பொட்டாஷ் எது?"

மொஹிதீன் ஒரு கை அள்ளிக் காட்டினார். செங்கல் தூள் மாதிரிச் சிவப்பு.

"வெள்ளையும் வரும். நான் வெக்கிறதில்ல."

"தண்ணியில கரையுமா?"

"என்ன சேர் கேக்குறீங்க? கரையாட்டி தேயிலை எப்புடிக் குடிக்கும்?"

கந்தப்பன் கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ஸ்பிரிங்வெளிக்கு ஏறினார். மறுபடி தொப்பி, மறுபடி டேப், மறுபடி முணுமுணுப்பு. கல்லில் இருந்து சுரண்டி எடுத்ததை ஜெயந்தினி கண்ணாடித் தகட்டில் வைத்திருந்தாள். பக்கத்தில் கடைப் பொட்டாஷ் ஒரு துகள். இரண்டுக்கும் ஒவ்வொரு துளி தண்ணீர் விட்டு நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள்.

"பொட்டாஷ் கரைஞ்சிருச்சி சேர்."

"மத்தது?"

"அப்பிடியே கெடக்கு. கொஞ்சம் மட்டும் கரைஞ்சிருக்கு." அவள் கண்ணை எடுக்கவில்லை. "கருகிப்போன உமி மாதிரி ஒரு துண்டும் தெரியுது."

"உரத்துல உமி எப்பிடி வரும்?"

"வராது சேர்." அவள் நிமிர்ந்தாள். முகம் செத்துவிட்டது. "சேரோட முறைப்பாட்டுக்கு அந்தக் கத்தினத நான்தான் சாட்சியாச் சொன்னேன். கதவுக்கு வெளிய பாதிதான் கேட்டிச்சி. கேட்ட பாதியச் சொல்லிட்டேன்."

"அழுவாத. அன்னைக்கி என்ன நாளு?"

"ஆயுத பூசை சேர். எங்க லயத்துல எல்லாரும் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கு சந்தனம் வெச்சிக்கிட்டு இருந்தாங்க. நான் மட்டும் இங்க."

கந்தப்பன் வெளியே வந்து, தொப்பியைத் திருப்பி அதன் உள்விளிம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

புதன், மாலை.

கிருஷ்ணராஜின் வீடு ஹாலிஎலப் பக்கம். அவர் இன்னும் வரவில்லை. அவர் மனைவி பாக்கியலெட்சுமி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். முறைப்பாட்டில் ஒரு கையெழுத்து வேண்டும், காத்திருக்கிறேன் என்றார் கந்தப்பன்.

"உக்காருங்கய்யா, தேத்தண்ணி ஊத்துறேன். சீனி?"

"அந்தப் பாவத்த ஏம்மா ஞாபகப்படுத்துறீங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிலைக்கவில்லை. "ஐயா, காமில் அப்பிடிச் செய்வானா? பெருநாளுக்கு வட்டிலாப்பம் கொண்டாந்து குடுத்துட்டு, இந்த மேசையிலதான் உக்காந்து எங்கையால சோறு திம்பான். எங்களுக்குப் புள்ள இல்லீங்க. இவரு அவனப் புள்ள மாதிரித்தான் வெச்சிருந்தாரு. அதான் இந்தக் கோவம். வேற ஒருத்தன் செஞ்சிருந்தா இவ்வளவு பொங்க மாட்டாரு."

கந்தப்பன் கொடியைப் பார்த்தார். வெள்ளைக் கைக்குட்டைகள். துவைத்த பிறகும் ஒவ்வொன்றின் நடுவிலும் மங்கலான ஒரு கறை.

"போகவே மாட்டேங்குதுங்க," என்றாள் அவர் பார்வையைக் கவனித்து. "தெனம் ஒண்ணு. கேட்டா லாப் தூசின்னு சொல்லுவாரு." அந்த இடத்தில் அவளுக்கு என்னவோ சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அது கெடக்கட்டும். என்னங்கய்யா, நெத்தி வெறுமையா இருக்கு?"

"உங்க வீட்டுக்காரர் லாபுல கழுவ வெச்சிட்டாங்கம்மா."

"அடப் பாவமே. இருங்க."

சாமித் தட்டிலிருந்து ஒரு பித்தளைச் சம்புடத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். கந்தப்பன் ஒரு சிட்டிகை எடுத்தார். பூசவில்லை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். நறநறத்தது.

"கடையில வாங்கினது இல்ல போல?"

"சீ, அது வெறும் சுண்ணாம்பும் வாசனையும். இது சிவராத்திரிக்கி நானே சுடுறது. பக்கத்து வீட்டுப் பசு. சாணி உருண்டைய உமிக்குள்ள வெச்சி மூட்டம் போட்டுருவேன்."

தேத்தண்ணீர் பாதிக் கோப்பையில் நின்றது. கையெழுத்துக்குக் காத்திருக்காமல் கந்தப்பன் எழுந்துவிட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவருக்கு வேலை பிடிக்கவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டால் வழக்கமாக அவருக்குப் பசிக்கும். அன்று பசிக்கவில்லை.

வியாழன், காலை.

"மூடின அன்னைக்கி என்ன செஞ்சீங்களோ அதையே அப்பிடியே ஒருக்காச் செய்யணும் சேர்," என்றார் கந்தப்பன். "யாரு எங்க நின்னது, யாரு எதத் தொட்டதுன்னு நான் பாக்கணும். அவ்வளவுதான்."

கல்லுக்குப் பதிலாக அதே அளவில் ஒரு கறுப்பு டைல் துண்டு. டவுன் ஹார்ட்வெயாரில் வெட்டி வாங்கியது. ஜெயந்தினி அதைக் கழுவிக் காயவைத்து மேசையில் வைத்தாள். காமிலையும் வரச் சொல்லியிருந்தார். அவன் ஒரு ஓரமாக நின்றான். கிருஷ்ணராஜ் அவன் பக்கம் திரும்பவில்லை.

கிருஷ்ணராஜின் கார் வந்து நின்றதிலிருந்தே கந்தப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குவதற்கு முன் அவர் கண்ணாடியைப் பார்த்துக் கைக்குட்டையால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். வெறும் நெற்றியோடு இறங்கி வந்தார். டேப்பைத் திருகினார். காற்றுத்தான் வந்தது.

"தண்ணி இல்லியே," என்றார். பிறகு அவரே, "பரவால்ல, அன்னைக்கும் இப்பிடித்தான்," என்றார்.

கையில் மதுசாரம் ஊற்றித் தேய்த்தார். வெள்ளை அங்கி, காலுறை, வாய் மூடி, நீலக் கையுறை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. உள் கதவைத் தாண்டினார். மேசை முன் நின்றார். காமில் எதிரே நின்றான். அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. வலது கையின் மூன்று விரலால் நெற்றியை ஒரு முறை தடவிக்கொண்டார்.

பிறகு அதே கையால் டைலைத் தூக்கி, மற்றக் கைத் துணியால் அதன் முகத்தைத் துடைத்து, காமிலிடம் நீட்டினார். காமில் ஓரங்களை மட்டும் பிடித்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தான்.

"போதும்," என்றார் கந்தப்பன். "தங்கச்சி, அத எடு. லைட்ட அணைச்சிட்டு டோர்ச்சச் சரிச்சிப் புடி."

கறுப்புப் பரப்பின் பக்கவாட்டில், கிருஷ்ணராஜ் பிடித்த இடத்தில், மெல்லிய வெளுப்பாக மூன்று விரல் தெரிந்தது.

கந்தப்பன் லைட்டை மறுபடி போட்டார்.

"டேப்ப அடைச்சது நான்தான் சேர், மேல வால்வுல," என்றார் கந்தப்பன். "கல்லுல இருந்தது உரம் இல்ல. உரம்னா தண்ணியில கரைஞ்சிருக்கும். இது கரையல்ல, உமி கெடந்திச்சி. சாணியும் உமியும் சேர்ந்து எரிஞ்ச சாம்பல். பசு தின்ன புல்லுல இருந்த பொட்டாசியம் பூராவும் அதுலதான் இருக்கு. அது உங்க வீட்டுல சுட்ட திருநீறு. தெனம் உங்க சம்சாரம் பூசி விடுறாங்க. தெனம் வாசல்ல நீங்க தொடைச்சிடுறீங்க. மிச்சம் இருக்கிறது டேப்புல போயிரும். அன்னைக்கி ஆயுத பூசை, கொஞ்சம் அழுத்தமாவே பூசியிருப்பாங்க. அன்னைக்கின்னு பாத்து தண்ணி வரல்ல. தோலு மடிப்புல இருந்தது கைக்குட்டைக்கிப் போகாது சேர். உங்க வெரலுக்குப் போச்சி. கல்லுக்கு நஞ்சு வெச்சது உங்க வெரல்தான்."

கிருஷ்ணராஜ் கையுறையைப் பார்த்தார். கழற்ற முயன்றார். வரவில்லை.

"எனக்கு அது நெத்தியில இருந்த ஞாபகமே இல்ல," என்றார். "தொடைச்சிட்டா போயிருச்சின்னு நெனச்சேன். இங்க எல்லாரும் என்ன... நான் ஒரு விஞ்ஞானி... பொண்டாட்டி பூசி விட்டதோட வந்து நிக்கிறதான்னு..." வாக்கியம் எங்கும் போய்ச் சேரவில்லை.

கந்தப்பன் காமிலிடம் திரும்பினார். "நீ பார்த்தே."

"பார்த்தேன் சேர்."

"மூடின அன்னைக்கே?"

"கையுறையோட நெத்தியத் தொட்டதப் பார்த்தேன். அதுல திருநீறு இருந்திச்சின்னு அண்டைக்குத் தெரியாது. முந்தநாள் கல்லுல அந்தக் கீற்றப் பார்த்த உடனே வெளங்கிச்சி. காருக்குள்ள அவர் தொடைக்கிறத ஒரு தரம் கண்டிருக்கேன்."

"ஏன்டா சொல்லல்ல?" கேட்டது கந்தப்பன் இல்லை, கிருஷ்ணராஜ். குரல் உடைந்திருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

காமில் பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினான்.

"நான் என்னண்டு சேர் சொல்றது? என்ட பேரு காமில். 'திருநீறாலதான் கல்லு கெட்டிச்சி'ன்னு நான் சொன்னா, அது கல்லப் பத்தின கதையா இரிந்திரிக்குமா? பொலிஸ்ல சொல்லி, அது டவுனுக்குப் போயி, வாப்பாட கடை வாசல்ல ரெண்டு பேர் வந்து நிப்பாங்க. எனக்கு எதிரா பொட்டாஷ்னு சொன்னாக் கூட அது ஒரு சாமான்தான். நான் சொல்றது சாமான் இல்ல சேர், சாமி சமாச்சாரம்." அவன் தலையைக் குனிந்தான். "மாமி கையாலதான் நானும் திண்டிரிக்கேன். அவங்க பூசினது நஞ்சுன்னு என்ட வாயால எப்புடிச் சொல்றது? எப்புடியும் நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு நினைச்சேன். உங்கள விட நல்லாக் கண்டுபிடிக்கிற ஆள் இந்த நாட்டுல இல்லியே."

ஜெயந்தினி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

கந்தப்பன் தொண்டையைச் செருமினார். இந்த மாதிரி நேரத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், அடுத்த வேலையைச் செய்வது. "சரி. சேர் முறைப்பாட்ட வாபஸ் வாங்கட்டும். தம்பி, இன்னைக்கி மத்தியானமே உன்னோட ரிப்போர்ட்டுக்கு வேண்டியத நான் அனுப்பி வெக்கிறேன். தெரிஞ்சவங்க இருக்காங்க, நாளைக்கி வாங்கிரலாம். வெள்ளிக்கெழமைக்குள்ள போயிரும். ஓடு, வாப்பாக்கு ஒரு கோல் எடு."

காமிலின் முகம் மலர்ந்தது. அந்த மூன்று நாளில் முதல் தடவை. கைபேசியை எடுக்க வெளியே நடந்தான்.

"காமில்," என்றார் கிருஷ்ணராஜ். "நில்லு."

அவன் நின்றான்.

"அந்த ரிப்போர்ட் இனித் தேவையில்ல."

"என்ன சேர் சொல்றீங்க?" என்றார் கந்தப்பன்.

"செவ்வாக்கெழமை பொலிஸுக்குப் போறதுக்கு முந்தியே இத்தாலிக்கு எழுதிட்டேன். நான்தான் சிபாரிசு செஞ்சது, நான்தான் சொல்லணும்னு. கல்லக் கெடுத்தவன், நம்ப வேணாம்னு எழுதினேன். நேத்து ராத்திரி பதில் வந்திச்சி. வேற ஒரு பிள்ளைக்கி எடத்தக் குடுத்துட்டாங்க. அந்தப் பிள்ளையும் சரின்னு சொல்லிட்டா." அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "இப்பவே திரும்ப எழுதுறேன். எல்லாம் என் பிழைன்னு எழுதுறேன். ஆனா குடுத்தத அவங்க திருப்பி எடுக்க மாட்டாங்கடா."

கந்தப்பன் முப்பது வருடச் சேவையில் எத்தனையோ பேரை ஓங்கி அறைய நினைத்திருக்கிறார். அன்று அந்தக் கை எழவில்லை. மேசையைப் பிடித்து நின்ற மனிதரை அவரால் பார்க்க முடியவில்லை. காமிலைப் பார்க்க அதைவிட மோசமாக இருந்தது. அவன் கைபேசியை மெதுவாகத் திரும்பப் பைக்குள் போட்டான்.

"வாப்பாக்குச் சொல்லாம இரிங்க சேர்," என்றான் கந்தப்பனிடம். "நானே சொல்றேன்." படியிறங்கிப் போனான். யாரும் தடுக்கவில்லை.

சனி, காலை.

அன்றும் பாக்கியலெட்சுமி சம்புடத்தைத் திறந்தாள். கிருஷ்ணராஜ் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. காமில் செய்யவில்லை, தப்பு என்னுடையது, தண்ணீர் இல்லாத நாளில் மூடிவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். அது பொய்யும் இல்லை. மிச்சத்தை அவளிடம் சொல்லக் கூடாது என்று கந்தப்பன் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். பொலிஸ்காரர் கொடுத்த ஒரே தண்டனை அதுதான்: அந்தப் பாரத்தை இவர் ஒருவரே சுமக்க வேண்டும்.

மூன்று பட்டை. அவர் பதுளை டவுனுக்குப் போனார். காரை விட்டு இறங்கும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. கைக்குட்டையையும் எடுக்கவில்லை.

கடையில் நீலச் சூட்கேஸ் இல்லை. மொஹிதீன் அவரைக் கண்டதும் எழுந்து, ஒரு சலாம் கூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். தோட்டத்துக்காரர் ஒருவருக்குக் காமில் பொட்டாஷ் நிறுத்துக்கொண்டிருந்தான். கை முட்டி வரை சிவப்பு. கிருஷ்ணராஜ் ஆள் போகும்வரை மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"எழுதிட்டேன் காமில். முழுசா எழுதிட்டேன். வருத்தம்னு பதில் போட்டிருக்காங்க. அடுத்த வருஷம் எடம் வந்தா பாக்கலாம்னு."

"சரி சேர்."

"லாபுக்குத் திரும்பி வா. உன்னோட மேசை அப்பிடியே இருக்கு." அவர் குரல் இறங்கிற்று. "வராட்டியும் நான் ஒண்ணும் சொல்ல ஏலாது. உங்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். ஆறு வருஷம் அந்தக் கல்லப் பாத்துக்கிட்டு இருந்தேன். நாலு வருஷம் பக்கத்துல நின்ன ஒன்னைய நான் பாக்கல்ல."

காமில் தராசுத் தட்டைத் துடைத்தான். வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் நெற்றியை அவன் ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தான். அப்படி அவரை அவன் முதல் தடவையாகப் பார்க்கிறான்.

"கல்லக் கழுவிட்டீங்களா சேர்?"

"இன்னும் இல்ல."

"ஜெயந்தினியக் கழுவச் சொல்லுங்க. அவ பதனமாச் செய்வா." சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னான். "மொதல்ல டேப்புல தண்ணி வருதான்னு பாத்துக்கங்க."

"பாக்கிறேன்," என்றார் கிருஷ்ணராஜ். அதற்கு மேலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அடுத்த ஆள் உரம் கேட்டு வந்ததும், வழிவிட்டு ஒதுங்கினார்.